மூன்றடிக் கரிசல்

பாலநாயக்கன்பட்டிக்கு வந்து சுப்புத்தாய் வீடு எது என்று கேட்டால், எந்தச் சுப்புத்தாய் என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் அந்தப் பெயரில் நாலு பேர் உண்டு. கட்டம் சுப்புத்தாய் என்று சொன்னால்தான் சரியான தெருவைக் கை காட்டுவார்கள். பெயர் வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் ஏற்றுக்கொண்டாள். பிறகு ஒரு காலம் வந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளுக்கு முகம் செத்துப்போகும்.

தொண்ணூற்றிரண்டில் அறிவொளி இயக்கம் ஊருக்குள் வந்தபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் காளியம்மன் கோயில் முன்னால் பெண்கள் கூடுவார்கள். பாதிப்பேர் மடியில் தீப்பெட்டி ஒட்டுகிற அட்டையும் பசைக் கிண்ணமும் இருக்கும். கை பாட்டுக்குப் பெட்டி ஒட்டும், வாய் பாட்டுக்கு எழுத்துக் கூட்டும். பாதி எழுத்தில் பசை ஒட்டிக்கொண்டு, சிலேட்டைக் கழுவ ஒரு குடம் தண்ணீர் வேண்டும். அந்தச் சிரிப்பும் கும்மாளமும் அதற்குப் பிறகு அந்தக் கோயில் வாசலில் கேட்கவே இல்லை என்று இன்றைக்கும் அவள் சொல்லுவாள். கையெழுத்துப் போட வந்ததும் மற்றவர்கள் நின்றுகொண்டார்கள். இவள் நிற்கவில்லை. பஸ் போர்டைப் படிப்பாள், தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படிப்பாள், வடை கட்டி வந்த காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வடையில் கை வைப்பாள். அதற்குள் வடையை மகள் மாரிசெல்வி தின்றிருப்பாள்.

அந்த மாரிசெல்வி ஏழாவது படிக்கும்போது அவளுடைய அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கம் சுப்புத்தாய் கண்ணில் பட்டது. பக்கத்தின் நடுவில் கோடு போட்டு இரண்டு கட்டம். இடது கட்டத்துக்கு மேலே 'புதுப்பிக்கத்தக்க வளங்கள்', வலது கட்டத்துக்கு மேலே 'புதுப்பிக்க இயலாத வளங்கள்'. இந்தப் பக்கம் சூரிய ஒளி, காற்று, நீர், காடு, கால்நடை. அந்தப் பக்கம் நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு, தாதுக்கள். புதுப்பிக்கத்தக்க என்பதை வாயில் நுழைக்க அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. நுழைந்த பிறகு சொல்லை உதறிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். செலவழித்தால் திரும்ப வருவது ஒரு கட்டம். வராதது இன்னொரு கட்டம். இவ்வளவுதானே.

அவ்வளவுதான். உலகத்தைப் பிரித்துப் போட ஆரம்பித்துவிட்டாள்.

ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டு, “இது வராத கட்டம்ட்டி. பூமிக்குள்ள கோடிக் கணக்குல வருசம் கெடந்து ஆனது. அதான் அளந்து அளந்து ஊத்துதாவ” என்பாள். கயத்தாறு வழியாகத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனால், பொட்டலில் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்த்து, “காத்து தீரவே தீராது. தீராததைப் புடிச்சுக் கரண்டு எடுக்கான் பாரு, அவந்தான் கெட்டிக்காரன்” என்று பக்கத்து இருக்கைக்காரியின் தூக்கத்தைக் கெடுப்பாள். வேலிக்கருவை வெட்ட வெட்ட வரும், வெட்டாவிட்டாலும் வரும். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆடு வரும், பருத்தி வரும். கோயில் பக்கத்தில் புதிதாகப் போட்ட போர் தண்ணீரில்தான் அவளுக்குக் கொஞ்சம் குழப்பம். முதல் வருஷம் இளநீராக இனித்தது, மூன்றாம் வருஷம் உப்புக் கரித்தது. அதை எந்தக் கட்டத்திலும் வைக்காமல் நடுக்கோட்டிலேயே நிறுத்திவைத்தாள்.

“என்னை எந்தக் கட்டத்துல வச்சிருக்க?” என்று புருஷன் தங்கச்சாமி ஒருநாள் கேட்டார். தங்கச்சாமி நல்ல மனுஷன். ஆனால் எதைச் சொன்னாலும் நாளைக்குப் பார்ப்போம் என்பார். கூரையில் ஓட்டை விழுந்தாலும் நாளைக்கு, கலப்பைக் கொழு மழுங்கினாலும் நாளைக்கு.

“ஒங்களைப் புதுப்பிக்க முடியாதுன்னு கல்யாணமான மறுநாளே தெரிஞ்சுபோச்சு” என்றாள் சுப்புத்தாய்.

ஊர் சிரித்தது. கட்டம் சுப்புத்தாய் என்று பெயர் வந்தது அப்போதுதான்.

புத்தகத்து அட்டவணையில் ஒரே ஒரு குறை அவளுக்குத் தென்பட்டது. மண் அதில் இல்லை. எல்லாம் எழுதினவன் மண்ணை மறந்துவிட்டானே என்று அவளுக்கு வருத்தமாகக்கூட இருந்தது. மாரிசெல்வியின் பென்சிலை எடுத்து, கால்நடைக்குக் கீழே இடது கட்டத்தில், கோணல் எழுத்தில், மண் என்று எழுதி வைத்தாள்.

அவள் அப்படி எழுதியதில் ஆச்சரியமே இல்லை. அந்தக் கரிசல் பூமியில் பிறந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் மழைத் தண்ணீர் மேட்டு நிலங்களை அரித்துக்கொண்டு வந்து கண்மாயில் வண்டலாகப் படியவிடும். சித்திரையில் கண்மாய் வற்றியதும் ஊர் கூடி நாள் குறித்து, அந்த வண்டலை வெட்டி வண்டி வண்டியாகக் கொண்டுபோய் அவரவர் புஞ்சையில் போடுவார்கள். கரம்பை அடிப்பது என்று அதற்குப் பேர். வீட்டுக்கு இருபது வண்டி. அடுத்த சித்திரையில் போனால் கண்மாயில் மறுபடியும் கரம்பை தயாராக இருக்கும். பிறந்ததிலிருந்து மண் வருவதை மட்டுமே பார்த்த கண் அது. தீர்ந்துபோகிற சாமான் வரிசையில் மண்ணை எப்படிச் சேர்க்கும்?

இந்த இடத்தில் ரெங்கம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கச்சாமியின் பெரியப்பா மகள் அவள். சுப்புத்தாய்க்கு மதினி முறை, பத்து வயது மூத்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கைப்பிள்ளை சந்தனமாரியோடு பிறந்த ஊருக்கே வந்துவிட்டாள். அப்பா எழுதி வைத்த இரண்டு ஏக்கர் ஓடைப் புஞ்சைதான் அவளுக்கு எல்லாம். அதற்கு ஒட்டினாற்போல் தங்கச்சாமியின் இரண்டு ஏக்கர். நடுவில் ஒரு வரப்பு, வரப்பில் ஒரு உடைமரம். இரண்டு பெண்களும் ஒன்றாகத்தான் காட்டுக்குப் போவார்கள், அந்த மர நிழலில் ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடிப்பார்கள். ரெங்கம்மாளுக்கு எழுத்து வரவில்லை. வராததில் அவளுக்குக் கவலையும் இல்லை. “நீ படிச்சா நான் படிச்ச மாதிரி” என்பாள். சந்தனமாரியின் பள்ளிக்கூடத்துக் காகிதம், ரேஷன் கார்டு, கோர்ட்டு சம்மன் மாதிரி பயமுறுத்துகிற கரண்டு பில் எல்லாம் சுப்புத்தாய் கைக்குத்தான் வரும்.

அந்தப் புஞ்சைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சுப்புத்தாய்க்கு இன்றைக்கும் நேரம் போவது தெரியாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு தடவை அவளுடைய பன்னருவாள் வெடிப்புக்குள் விழுந்தது, புரட்டாசி உழவில்தான் திரும்பக் கிடைத்தது. மழை பெய்துவிட்டால் உள்ளே கால் வைக்க முடியாது. அடி எடுத்து வைக்க வைக்க மண் உள்ளங்காலில் அப்பி, இரண்டு பேரும் ஒரு சாண் உயர்ந்துபோய்த் தள்ளாடி நடப்பார்கள். ஒருத்தி விழுந்தால் மற்றவள் தூக்கிவிட மாட்டாள், நின்று சிரிப்பாள். மார்கழிப் பனியிலேயே பருத்தி காய் பிடிக்கும். ஈரத்தை மூன்றடி ஆழத்தில் பூட்டி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் இரண்டு மாதம் பயிருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும் அந்த மண்.

தொண்ணூற்றெட்டு பங்குனியில் சண்முகராஜ் என்கிற லாரி புரோக்கர் ஊருக்குள் வந்தார். உடன்குடிப் பக்கம் தேரி மணலில் ஒருத்தர் மாந்தோப்புப் போட்டிருக்கிறார், செக்கச் செவேல் என்ற வெறும் மணல், ஊற்றுகிற தண்ணீர் நிற்கவே மாட்டேன் என்கிறது, கரிசல் மண்ணைக் கலந்தால் நிற்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“நெலத்தை ஒண்ணும் விக்க வேண்டாம் அண்ணாச்சி. நெலம் ஒங்களுக்குத்தான். மேல இருக்க மூணடி மண்ணை மட்டும் வழிச்சுக்கிடுதோம்” என்றார்.

தங்கச்சாமி வழக்கம்போல, “நாளைக்குப் பார்ப்போம்” என்றார். அவருடைய சோம்பேறித்தனம் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உருப்படியான காரியம் செய்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

ரெங்கம்மாளால் அப்படிச் சொல்ல முடியவில்லை. சந்தனமாரிக்கு நாகர்கோவிலில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டிச் சேருவதற்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. அவள் நேராகச் சுப்புத்தாயிடம் வந்தாள். சுப்புத்தாய் அப்போது முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி சுப்பு, மண்ணு எந்தக் கட்டம்?”

சுப்புத்தாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வார கட்டந்தான் மதினி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? வருசா வருசம் கம்மாயில வருதுல்லா. நம்ம ரெண்டு வீட்டுக் கரம்பையும் சேர்த்து அடிச்சா நாலஞ்சு வருசத்துல சரியாப் போகும். புள்ளைய மொதல்ல படிக்க வைங்க.”

ரெங்கம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அந்த நேரத்தில் உளுந்தில் இரண்டு கல் கிடந்ததையும் அதைப் பொறுக்கி வீசியதையும் சுப்புத்தாய் இன்றுவரை மறக்கவில்லை. அந்தக் கல்லுக்குக் கொடுத்த கவனத்தைக்கூட மதினியின் கேள்விக்குக் கொடுக்கவில்லையே என்று நினைத்து நினைத்து வெந்திருக்கிறாள்.

ரெங்கம்மாள் புஞ்சையில் பொக்லைன் எட்டு நாள் நின்றது. லாரிகள் போன தடத்தில் ஊருக்குள் கருப்புப் புழுதி படிந்தது. எட்டாம் நாள் பார்த்தால், வரப்புக்கு இந்தப் பக்கம் தங்கச்சாமி புஞ்சை கருப்பாக இருந்தது. அந்தப் பக்கம் இடுப்பளவு பள்ளத்தில் வெள்ளை வெளேரென்று சுக்கான் தெரிந்தது. சுண்ணாம்புக் கட்டியும் சரளையும் கலந்த அடித்தட்டு அது. கடப்பாரை போட்டால் ணங்கென்று சத்தம் கேட்கும். உடைமரத்தின் வேர் பாதி அந்தரத்தில் தொங்கியது. சந்தனமாரி டிரங்குப் பெட்டியோடு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற, அந்தச் சித்திரையில் சுப்புத்தாய் தன் வீட்டுப் பங்கு இருபது வண்டியையும் ரெங்கம்மாளின் இருபதோடு சேர்த்து அந்தப் பள்ளத்தில் கொட்டச் செய்தாள். நாற்பது வண்டியும் கொட்டி நிரவி முடித்தபோது, கொட்டின இடமே தெரியவில்லை.

புரட்டாசியில் மழை விழுந்தது. ரெங்கம்மாள் கம்பும் உளுந்தும் விதைத்தாள். பள்ளத்தில் பத்து நாள் தண்ணீர் கட்டி நின்றது. வற்றிய பிறகு மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. முளைத்தது மஞ்சளாக முளைத்தது, விரல் உயரத்தில் நின்றது, கார்த்திகை வெயிலுக்குச் சுருண்டுவிட்டது. வரப்புக்கு இந்தப் பக்கம் சுப்புத்தாயின் பருத்தி முழங்கால் உயரம் நின்றது. ரெங்கம்மாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “மொத வருசந்தானே. ஒன் புத்தகத்துல வரும்னு போட்டிருக்குல்லா, வரும்” என்றாள்.

அதுதான் சுப்புத்தாயைக் குத்தியது. மாரிசெல்வி அப்போது கோவில்பட்டியில் பதினொன்றாம் வகுப்பு. தை மாதம் லீவில் வந்தவளை உட்காரவைத்து, இரண்டு ஏக்கரில் மூன்றடி நிரப்ப எத்தனை வண்டி ஆகும் என்று கணக்குப் போடச் சொன்னாள். மாரிசெல்வி நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினாள், வண்டி அளவால் வகுத்தாள், நம்பாமல் இன்னொரு தடவை வகுத்தாள்.

“எட்டாயிரத்துக்கு மேல வருதும்மா. வருசத்துக்கு ஒரு வீட்டுப் பங்கு இருபது வண்டின்னா நானூறு வருசத்துக்கும் கூட. ரெண்டு வீட்டுதையும் கொட்டினாலும் எரநூறு.”

“ஆனா மண்ணு வார கட்டந்தானே?”

“கட்டத்தை மட்டும் பார்த்தா எப்படிம்மா? வருமா வராதாங்கிறது பாதிதான். நாம எடுக்கிற வேகத்துல வருமாங்கிறதுதான் கேள்வி. மரத்தை நட்டா நம்ம காலத்துல வந்துரும். மண்ணு ஒரு பெருவிரல் கனம் தானா உண்டாக நூத்துக்கணக்கான வருசமாம். அந்தக் கணக்குக்கு அது நிலக்கரி மாதிரித்தான்.” அவள் தன்னுடைய புத்தகத்தைத் திறந்து காட்டினாள். சுப்புத்தாய் அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். கண்மாய்க் கரம்பை எங்கிருந்தோ புதிதாக முளைத்து வரவில்லை, ஊரார் புஞ்சை மேல்மண்தான் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வருகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அழுதாள்.

மாசியில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனார்கள். ஊரிலிருந்து பதினைந்து பேர், அதில் இந்த இரண்டு பேரும். சாமி கும்பிட்டு முடிந்ததும் ரெங்கம்மாள், “ஏட்டி, இங்கன பக்கத்துலதான அந்தத் தோப்பு? ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துருவோமா?” என்றாள். கூட வந்தவர்களைக் கடைத்தெருவில் விட்டுவிட்டு இருவரும் உடன்குடி பஸ் ஏறினார்கள்.

தேரியில் இறங்கி நடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல். நடுவில் கம்பி வேலி. உள்ளே வரிசையாக மாங்கன்றுகள். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வண்டிச்சக்கர அகலத்துக்குக் கருப்பு. தூரத்திலிருந்தே ரெங்கம்மாளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் ஓடினாள். நாற்பத்தொன்பது வயதுப் பெண், கால் புதைகிற மணலில், முந்தானை பறக்க ஓடினாள். முதல் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை அள்ளினாள். ஈரமாக இருந்தது. விரலில் ஒட்டியது. கருப்பு வட்டத்துக்குள் மாங்கன்றோடு சேர்ந்து பச்சைப் பசேலென்று மிதுக்கங்கொடி படர்ந்திருந்தது. கரிசல் காட்டில் தானாக முளைக்கிற கொடி அது, அதன் காயைத்தான் வற்றல் போடுவார்கள். மண்ணோடு விதையும் லாரி ஏறி வந்திருக்கிறது.

“பாருட்டி, நம்ம மிதுக்கு! இவளும் வந்துட்டாளா?” ரெங்கம்மாள் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். “மண்ணு சொகமாத்தான் இருக்கு.”

தோட்டக்காரர், “கரிசலு நல்லாத் தண்ணி புடிக்கி தாயி. இது வந்த பொறவுதான் கன்னு நிமிந்துச்சு” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

சுப்புத்தாயால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“மதினி, ஒண்ணு சொல்லணும். நம்ம காட்டுக்கு இது திரும்ப வராது.”

“நாலஞ்சு வருசம்னியே.”

“வராது மதினி. நானூறு வருசம் ஆகுமாம். மாரிசெல்வி கணக்குப் போட்டுட்டா. தையிலயே தெரியும். ஒங்ககிட்டச் சொல்ல வாய் வரல.”

ரெங்கம்மாள் கையிலிருந்த மண்ணைக் கீழே போடவில்லை. “புத்தகத்துல வார கட்டத்துல போட்டிருக்குன்னு சொன்னியே?”

“புத்தகத்துல மண்ணே இல்ல. நாந்தான் பென்சிலால எழுதினேன்.”

“புத்தகத்துல இல்லியா?”

“இல்ல.”

“இருக்குன்னுல்லா நெனச்சேன்” என்றாள் ரெங்கம்மாள். அவ்வளவுதான் சொன்னாள். மண்ணைக் கன்றடியில் போட்டு, சிந்தாமல் தட்டிவிட்டு எழுந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சுப்புத்தாய் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் முன்னால் போய் வேறு யாரோடோ உட்கார்ந்தாள். ஊர் வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சுப்புத்தாய் வீட்டுக்குக் காகிதம் எதுவும் படிக்க வரவில்லை.

சுப்புத்தாய் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தங்கச்சாமியிடம் சொன்னாள்: “நம்ம புஞ்சைய மதினிக்கு எழுதிக் குடுத்துட்டு, அவிய பள்ளத்தை நாம வாங்கிக்கிடுவோம்.”

தங்கச்சாமிக்கு அன்றைக்கு நாளைக்கு என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. “ஒனக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு? நல்ல நெலத்தைக் குடுத்துட்டுக் குழிய வாங்குவாளா ஒருத்தி?”

“அந்தக் குழிய வெட்டுனது நாந்தான்.”

“பொக்லைன்காரன் வெட்டுனான்.”

“என் வாய் வெட்டுனதுங்க. எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச திமிருல சொன்னேன். அவிய நம்புனாவ. ஒங்க அக்காதான? ஒரு வருசமா ஊரான் காட்டுல களை எடுத்துக் கஞ்சி குடிக்காவ. நம்ம பருத்திய நான் எந்த முகத்தோட எடுக்க?”

மூன்றாம் நாள் காலையில் தங்கச்சாமி தனியாகக் காட்டுக்குப் போனார். அக்காவின் பள்ளத்துக்குள் இறங்கி நடந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டே, “பத்திர ஆபீஸுல பரிவர்த்தனைன்னு எழுதணுமாம். புதன்கிழமை நல்ல நாளு” என்றார். அவரோடு குடித்தனம் நடத்திய அத்தனை வருஷத்தில் சுப்புத்தாய்க்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் பொங்கியது அன்றைக்குத்தான்.

ரெங்கம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று மறுப்பாள், அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்றெல்லாம் சுப்புத்தாய் நினைத்திருந்தாள். அவள் அதெல்லாம் செய்யவில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். “சரி. எழுதிக் குடு” என்றாள். புதன்கிழமை வந்து ரேகை வைத்தாள். காபி வாங்கிக் கொடுத்ததைக் குடித்தாள். ஊருக்கு வேறு பஸ்ஸில் போனாள்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் ஓடியது. ரெங்கம்மாள் மாற்றி வாங்கிய கருப்புப் புஞ்சையில் பருத்தி போட்டாள், சூரியகாந்தி போட்டாள், கொத்தமல்லி போட்டாள். கண்டால் பேசுவாள். மழை வருமா, உளுந்து என்ன விலை, சந்தனமாரி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இவ்வளவுதான். நாவில் வார்த்தை இருக்கும், பழைய மதினி இருக்கமாட்டாள். உடைமர நிழலில் இரண்டு தூக்குவாளிகள் தனித்தனியாக இருந்தன. சுப்புத்தாய்க்கு நல்ல நிலம் போனதில்கூட அவ்வளவு ஏக்கம் இல்லை. ஆனால் மழை பெய்த மறுநாள் பக்கத்துப் புஞ்சையில் ரெங்கம்மாள் காலில் மண் அப்பி ஒரு சாண் உயர்ந்து தனியாகத் தள்ளாடி நடப்பாள். சிரிக்க ஆள் இல்லாமல் நடப்பாள். அதைப் பார்க்கத்தான் இவளுக்குத் தாங்காது.

இவள் பள்ளத்தோடு மல்லுக்கட்டினாள். இரண்டு ஏக்கரும் ஆகாது என்று தெரிந்துபோனதால் கிழக்கு மூலையில் பதினைந்து சென்ட் அளவுக்குக் கல் நட்டு, அதில் மட்டும் வருஷம் தவறாமல் இருபது வண்டிக் கரம்பையைக் கொட்டினாள். ஆடு மேய்க்கிற கீதாரிகளைக் கெஞ்சிக் கூத்தாடி, உரத்துக்கு ஆட்டுக்கிடை போடச் சொன்னாள். மிச்ச இடத்தில் வேலிக்கருவை தானாகப் புறப்பட்டது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கரிமூட்டத்துக்காரர்களுக்கு வெட்டிக் கொடுத்துக் காலம் தள்ளினாள். கட்டம் போட்டுப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்தொன்பது சித்திரையில் தங்கச்சாமி மோட்டார் சைக்கிள் மோதிக் கால் ஒடிந்து படுத்துவிட்டார். மாட்டுவண்டிக் காலம் முடிந்து கரம்பை டிராக்டரில் போகத் தொடங்கியிருந்தது. டிராக்டர் வாடகைக்கு வழி இல்லை. சுப்புத்தாய் விடவில்லை. கண்மாய் வெட்டு ஆரம்பிக்கிற அன்றைக்கு விடியக்காலையிலேயே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வெட்டுகிற இடத்திலிருந்து காட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள். ஒரு நடைக்கு ஒரு கூடை. பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கரம்பை அடிக்கிற அன்றைக்கு முதல் பாரம் ஆண் துணை இல்லாத வீட்டுக்குத்தான் போகவேண்டும். அது போய் இறங்கிய பிறகுதான் மற்ற வீட்டுக்காரர்கள் வண்டியில் மண் ஏற்றலாம், தலைச்சுமைக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே வருஷா வருஷம் முதல் பாரம் ரெங்கம்மாளுக்குத்தான். அன்றைக்கும் டிராக்டர் பெட்டி நிறைய ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ரெங்கம்மாள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வண்டி ஓடைப் பாதையில் வந்து, உடைமரத்தைத் தாண்டி, அவளுடைய புஞ்சையில் திரும்பாமல், சரிவில் இறங்கிக் கிழக்கு மூலைக்கு வந்து நின்றது.

கூடையை இறக்கிக்கொண்டிருந்த சுப்புத்தாய் பதறிப்போனாள். “ஏலே தம்பி, அந்தப் பக்கம்லே! மதினி, இது ஒங்க பாரம். முதல் பாரம்.”

“என் காட்டுக்கு என்ன கொறச்சல்?” என்றாள் ரெங்கம்மாள், இறங்கிக்கொண்டே. “தம்பி, இங்கனயே கவுத்து.”

பெட்டி கவிழ்ந்தது. கருப்பு மண் சரிந்து குவிந்தது. டிராக்டர் அடுத்த நடைக்குப் போன பிறகு இருவரும் ஆளுக்கொரு மண்வெட்டியால் நிரவினார்கள். வெயில் ஏறியது. ரெங்கம்மாள் குனிந்து, மண்ணுக்குள் கையை நுழைத்தாள். மணிக்கட்டு வரைக்கும் போய்ச் சுக்கானில் இடித்து நின்றது.

“ஒரு சாண் இருக்குட்டி.”

“பத்து வருசத்துல ஒரு சாண் மதினி. பதினஞ்சு சென்ட்டுல.” சுப்புத்தாய் கல் நட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். “முழுசும் நெறையாது. நம்ம காலத்துல ஆவாது. நம்ம புள்ளைய காலத்துலயும் ஆவாது.”

ரெங்கம்மாள் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். அறுபது வயதாகிவிட்டது அவளுக்கு. நகத்துக்குள் கருப்பு ஏறியிருந்தது.

“ஆவாட்டி என்ன?” என்றாள். “கூடையை எடு.”